ஊர் திரும்புவதா, குடியுரிமைக்கு நிற்பதா, இருக்கிற பதிவோடு இருப்பதா: முகாம் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

களியக்காவிளைப் பக்கம் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி ஓயாமல் வரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் கோழிவிளை, பழவிளை, ஞாறான்விளை, பெருமாள்புரம் என்று இலங்கைத் தமிழர் முகாம்கள் நான்கு. அங்கிருந்து பிறப்புச் சான்றை நகல் எடுக்க வருபவர்கள், வேலை முடிந்ததும் கிளம்ப மாட்டார்கள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "தம்பி, நாங்கள் ஊருக்கே போயிடுறதா, இல்ல இஞ்சயே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் பாக்கிறதா?" என்பார்கள். பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்காகப் பதிவுள்ள முகாம்காரர்களுக்குத் தண்டனை இல்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசின் விலக்கு ஆணை வந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது. அந்த ஆணையைக் குடியுரிமை என்று நினைத்துக்கொண்டு இனிப்பு வாங்கி வந்தவர்களும் உண்டு.

நான் வழக்கறிஞர் இல்லை. படிவம் நிரப்புகிறவன். ஆனால் படிவத்தின் இந்தப் பக்கம் இருப்பவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். குடும்பத்தோடு உட்கார்ந்து "போவோமா, இருப்போமா" என்று ஒரே முடிவு எடுக்கிறார்கள் பாருங்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒரே கூரைக்குக் கீழே பாட்டிக்கு ஒரு சட்டம், மகனுக்கு ஒரு சட்டம், பேரனுக்கு வேறு சட்டம். முடிவை வீட்டுக்கு ஒன்றாக எடுக்காமல், ஆளுக்கு ஒன்றாக, அவரவர் காகிதத்தை வைத்து எடுக்க வேண்டும்.

எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

ஒன்று, இந்த வழி ஒரு நாட்டின் குடிமகன் என்ற காகிதத்தைக் கையில் தருமா? இரண்டு, டெல்லிக்கும் கொழும்புக்கும் இடையே காற்று மாறினால் அது தாங்குமா? மூன்று, தவறாகப் போனால் திரும்பி வர வழி உண்டா? நான்கு, நாளைக்குச் சோறு, பிள்ளையின் படிப்பு என்னாகும்? ஐந்து, குடும்பம் ஒன்றாக இருக்குமா?

இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இந்தியாவில் அகதிகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் யாரை ஏற்பது, யாரை அனுப்புவது என்பதெல்லாம் அண்டை நாட்டோடு அந்தந்த நேரத்தில் இருக்கும் உறவையும் உள்ளூர் அரசியலையும் பொறுத்து ஆணைகளாக வருகிறது. ஆணையால் வந்தது ஆணையால் போகவும் செய்யும்.

பழைய கணக்கைப் பாருங்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த, இந்திய வம்சாவளியினரான 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கொழுந்து பறித்த எவரிடமும் யாரும் கேட்கவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு படகில் வந்தவர்களை இந்தியா ஏற்றது. 1987 ஜூலையில் ராஜீவ்–ஜெயவர்த்தன ஒப்பந்தம் வந்ததும் திருப்பி அனுப்பத் தொடங்கியது. 1990-இல் போர் மூண்டபோது மறுபடி ஏற்றது. 1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் காற்று மாறியது. 1992 தொடங்கி 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விரும்பித்தான் போகிறோம் என்று கையெழுத்து வாங்கிய படிவம் ஆங்கிலத்தில் இருந்ததாக அப்போதே புகார் எழுந்தது. ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்குச் சென்னையில் இடம் கொடுத்ததே 1992-இல் எழுந்த அந்தக் கண்டனத்துக்குப் பிறகுதான். போனவர்களில் பலர் 1995-இல் போர் மறுபடி தொடங்கியதும் திரும்பப் படகேறினார்கள்.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் பார்க்க வேண்டும்.

| கேள்வி | பதிவோடு இருப்பது | இந்தியக் குடியுரிமை | ஊர் திரும்புவது | கடல் வழி (ஏஜென்ட் படகில் வெளிநாடு) |
|---|---|---|---|---|
| குடிமகன் காகிதம் | இல்லை | கிடைத்தால் உண்டு | உண்டு | இல்லை |
| இரு அரசுகளின் காற்று மாறினால் | ஆட்டம் காணும் | தாங்கும் | பெரும்பாலும் தாங்கும் | பொருந்தாது |
| திரும்பி வர வழி | எல்லா வழியும் திறந்தே இருக்கும் | விண்ணப்பம் தோற்றாலும் பதிவு இருக்கும் | முகாமுக்குத் திரும்ப முடியாது | எதுவும் இல்லை |
| பிழைப்பு, படிப்பு | இன்றைக்கு நடக்கும் | கிடைத்த பின் நன்று | முதல் இரண்டு வருடம் கடினம் | கடன் மட்டும் மிஞ்சும் |
| குடும்பம் ஒன்றாக | ஆம் | ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போகலாம் | கலப்புத் திருமணமானால் சிக்கல் | உயிருக்கே உத்தரவாதம் இல்லை |

1. இருக்கிற பதிவோடு இருப்பது

இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். 2021-க்குப் பிறகு தமிழ்நாட்டு முகாம்களின் நிலை முன்பு போல இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் மாநில அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. பழைய வீடுகளுக்குப் பதிலாகப் புது வீடுகள் வந்தன. பணக்கொடை குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என்று ஆனது. அதோடு ரேஷன் உண்டு, பள்ளி உண்டு, கல்லூரிக்கு உதவித்தொகை உண்டு.

கேரள எல்லை ஊர் என்பதால் நம் பக்கத்து முகாம்களுக்கு இன்னொரு வசதி. விடியற்காலையில் களியக்காவிளைச் சந்திப்பில் நின்று பாருங்கள். பெயிண்ட் வாளிக்குள் ரோலர், பட்டி இழுக்கும் தகடு, ஒரு மாற்றுச் சட்டை, மேலே சோற்றுப் பொதி. பாறசாலை, நெய்யாற்றின்கரை பஸ்ஸுக்கு நிற்கும் ஆட்களில் முகாம்காரர்களும் இருப்பார்கள். கேரளக் கூலி நம் பக்கத்தைவிடக் கூட. சாயங்காலம் திரும்பிவிடலாம்.

இதன் சட்ட நிலை என்ன? 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் முதலான நான்கு பழைய சட்டங்கள் போயின. அதோடு வந்த விலக்கு ஆணைப்படி, 2015 ஜனவரி 9-ஆம் தேதி வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாமல் இருப்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். இது நல்ல செய்தி. ஆனால் அவ்வளவுதான் செய்தி. தண்டனை இல்லை என்பது வேறு, உரிமை உண்டு என்பது வேறு. குடியுரிமை பற்றி அந்த ஆணையில் ஒரு சொல்லும் கிடையாது.

இந்த வழியின் மறைமுகச் செலவுகள் வெளியே தெரியாது. மாதத் தணிக்கை நாளில் வீட்டில் இல்லாவிட்டால் பணக்கொடைக்கும் பதிவுக்கும் கேள்வி வரும். அதனால் கொச்சியில் மூன்று மாதம் தொடர்ந்து வேலை என்று எவராவது கூப்பிட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. அரசு வேலை கிடையாது. இலங்கைக் குடிமக்கள் இந்தியாவில் நிலம் வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். யாரும் அதற்கெல்லாம் போவதில்லை. சேர்த்த பணத்தில் ஐந்து சென்ட் நிலத்தை உள்ளூர் நண்பர் பேரில் வாங்கிப் போடுகிறார்கள். நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் காலமான பிறகு அவர் பிள்ளைகளுக்கு அந்த வாய்ச்சொல் ஒப்பந்தம் தெரியுமா?

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆதார் அட்டை இருப்பதால் வாக்காளர் பட்டியலிலும் பெயர் சேர்த்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். வேண்டாம். ஆதார் இங்கே வசிப்பவருக்கான அடையாளச் சான்று, குடியுரிமைச் சான்று அல்ல. இந்தியக் குடிமகன் என்று பொய்யாக எழுதிக் கையெழுத்திடுவது 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி குற்றம். பின்னால் நேர்மையாகக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு கையெழுத்தே எமனாக நிற்கும்.

யாருக்கு இது பொருத்தம்: கல்லூரியில் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும் வீடு, ஊரில் நிலமோ ஆளோ மிச்சமில்லாத வீடு, குடியுரிமைக்குக் காகிதம் திரட்டிக்கொண்டிருப்பவர்கள். மற்ற வழிகள் எதையும் இது அடைக்காது. ஆனால் இதையே நிரந்தரம் என்று நம்புவது ஆபத்து. 2025 மே மாதம், தண்டனை முடித்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகெங்கிலுமிருந்து வரும் அகதிகளைத் தாங்க இந்தியா என்ன தர்மசத்திரமா என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்கப்பட்டது. அது முகாம்வாசிகளைப் பற்றிய வழக்கல்ல, உண்மைதான். ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்துகொள்ள உதவும்.

2. இந்தியக் குடியுரிமை

"விண்ணப்பம் போடலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது பிறந்த தேதி. அடுத்து, பிறந்த ஊர். ஏனென்றால் இந்த ஒரு தலைப்புக்குக் கீழே மூன்று வேறு வழிகள் இருக்கின்றன.

முதல் வகை, விண்ணப்பமே தேவைப்படாதவர்கள். 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 3-ஆம் பிரிவுப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்த எவரும் பிறப்பால் இந்தியர். தாய் தகப்பன் யாராக இருந்தாலும் சரி. 1983-க்குப் பிறகு வந்த முதல் அலையில் மண்டபத்திலும் மற்ற முகாம்களிலும் பிறந்தவர்கள் இதில் வருவார்கள். இப்போது நாற்பதை ஒட்டிய வயது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டபோது, 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவர் பிறப்பால் இந்தியரே என்று சொல்லிப் பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசிப்பவர் அவர்.

இந்த வகையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தானாக முன்வந்து வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்பது அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு. எதற்கும் இருக்கட்டும் என்று இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து அந்நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்து வைப்பதை முன்ஜாக்கிரதை என்று நினைக்கிறார்கள். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவருக்கு அது இருக்கிற சொத்தை எழுதிக் கொடுப்பதாகிவிடலாம். ஏற்கெனவே எடுத்தவர்கள், அதிலும் சிறுவயதில் பெற்றோர் பதிந்தவர்கள், அடுத்த கையெழுத்துக்கு முன் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவர் என்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால், இருவரும் இந்தியர், அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் "சட்டவிரோதக் குடியேறி" அல்ல என்று இருக்க வேண்டும். கடைசி வரியில்தான் பல வீடுகள் மாட்டிக்கொள்கின்றன. மார்த்தாண்டத்துப் பெண்ணைக் கட்டிய முகாம் பையனுக்கு 2010-இல் பிறந்த குழந்தை, தாய் இந்தியர் என்றாலும் இந்தக் கணக்கில் தானாக இந்தியராகிவிடாது.

இரண்டாம் வகை, மலையகத்திலிருந்து வந்தவர்கள். இவர்கள் தாத்தாவின் தகரப் பெட்டியைத் துழாவ வேண்டும். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தவர்கள் பலர், கிடைத்தவர்களும் உண்டு. ஆனால் 1984-இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்றுபோனது. வர வேண்டியவர்கள் அங்கேயே தங்கினார்கள், பின்னால் கலவரத்தில் படகேறி வந்து முகாமில் விழுந்தார்கள்.

ஆரியங்காவு தாண்டிப் புனலூர், குளத்துப்புழைப் பக்கம் போனால் இந்தக் கதையின் மறுபாதி தெரியும். ஒப்பந்தப்படி கப்பலில் வந்தவர்களுக்காகவே 1976-இல் தொடங்கிய மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தின் ரப்பர் தோட்டங்கள் அங்கே இருக்கின்றன. அங்கே பால் வெட்டுகிறவர்கள் இந்தியக் குடிமக்கள். ஒரே தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்த இருவரில், அண்ணன் எழுபதுகளில் கப்பலில் வந்ததால் குளத்துப்புழையில் வாக்காளர், தம்பி 1990-இல் படகில் வந்ததால் கோழிவிளையில் அகதி என்பது நடக்கக்கூடிய கதைதான். இரண்டு பேருக்கும் நடுவே நிற்பது ஒரு கப்பல் சீட்டு.

இந்த வகையினருக்கு 2019 ஜூனில் மதுரைக் கிளை ஒரு தீர்ப்புத் தந்தது. கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேர் தொடுத்த வழக்கு அது. அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிவோடு பரிசீலிக்க வேண்டும் என்றது. கவனியுங்கள், பரிசீலிக்கச் சொன்னது, கொடுக்கச் சொல்லவில்லை. ஆனாலும் வம்சாவளியைக் காட்டும் காகிதம் இருந்தால், மற்ற எவரையும்விட இவர்களுடைய வாதம் வலுவானது.

மூன்றாம் வகை, வடக்கிலும் கிழக்கிலும் பிறந்து படகில் வந்தவர்கள். இவர்களுக்கு வழி குறுகல். குடியுரிமை பெறப் பன்னிரண்டு வருட வசிப்பு வேண்டும் என்பது விதி. முப்பது வருடம் இருந்தவருக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் செல்லத்தக்க ஆவணம் இல்லாமல் நுழைந்தவர் "சட்டவிரோதக் குடியேறி". அவருக்கு இந்த வாசல் கிடையாது. இந்தியரை மணந்து ஏழு வருடம் ஆனவருக்கான வாசலும் அதே காரணத்தால் அடைபடுகிறது. 2019-இல் குடியுரிமைச் சட்டத் திருத்தம் இந்தத் தடையைச் சிலருக்கு நீக்கியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு சமயத்தவருக்கு மட்டும். இராமேசுவரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நாடு அந்தப் பட்டியலில் இல்லை. இதற்கு நியாயமான விளக்கம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

இங்கேயே பிறந்த பிள்ளைகள் எங்கிருந்தும் "நுழையவில்லை", அவர்களை எப்படிச் சட்டவிரோதக் குடியேறி என்பது என்றொரு வாதம் வழக்கறிஞர்களிடம் இருக்கிறது. நல்ல வாதம். அதை நம்பி வழக்குப் போடலாம்; அதை நம்பி வேலையை விடக்கூடாது.

மறைமுகச் செலவு: வழக்கறிஞர் கட்டணம், மதுரைக்கு அலைச்சல், வருடக்கணக்கில் காத்திருப்பு. இன்னொன்று, முகாம் வீடும் பணக்கொடையும் இலங்கைத் தமிழர் என்ற பதிவின்பேரில் வருபவை. இந்தியர் என்று நிறுவிய பின் அவை தொடருமா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாக "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றால் போதாது.

3. ஊர் திரும்புவது

குடிமகன் காகிதம் நிச்சயமாகக் கிடைக்கும் வழி இது ஒன்றுதான். இலங்கையில் இலங்கைக் குடிமகனுக்குப் பிறந்தவர் இலங்கைக் குடிமகன், அதில் சந்தேகமில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளை வம்சாவளிப்படி பதிய வேண்டும். ஒரு வருடத்துக்குள் பதிவது விதி. தாமதமானால் காரணம் சொல்லிப் பதியலாம். சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்தக் காகித வேலையில் பல வருடமாக முகாம்களுக்கு உதவி வருகிறது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் வழியாகப் போனால் விமானச் சீட்டும் முதல் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் கிடைக்கும்.

2025-இல் நடந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். அந்த ஆணையத்தின் ஏற்பாட்டிலேயே திரும்பிய ஒரு முதியவரை, வருடங்களுக்கு முன்பு முறையான வழியில்லாமல் நாட்டைவிட்டுப் போனார் என்று யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். உயிருக்குப் பயந்து படகேறியவன் குடிவரவு முத்திரை வாங்கிக்கொண்டா ஏறுவான்? கண்டனம் எழுந்தது. ஆனால் அதற்குப் பிறகு முகாம்களில் பெட்டி கட்டியவர்கள் பலர் பெட்டியைப் பிரித்துவிட்டார்கள். புறப்படும் முன், அங்கே இறங்கியதும் என்ன விசாரணை நடக்கும், யார் கூட இருப்பார்கள் என்று ஆணையத்தின் அலுவலரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் நிலம். திரும்ப நினைப்பவர்கள் பெரும்பாலும் நிலத்தை நம்பித்தான் நினைக்கிறார்கள். இலங்கைச் சட்டப்படி தனியார் நிலத்தை ஒருவர் பத்து வருடம் தடையில்லாமல் அனுபவித்தால் அவர் உரிமை கோரலாம். போர்க்காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் இடம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு சலுகைச் சட்டம் 2016-இல் வந்தது. ஆனால் அதிலும் கால வரம்பு இருந்தது. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் இன்னும் இராணுவத்திடம் நிலம் இருக்கிறது. 2025 மார்ச்சில் வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கருக்கு ஒரு வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் வந்தது: மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அரசு நிலமாகும் என்று. முல்லைத்தீவுக் கரையில் காணி வைத்துவிட்டு ஞாறான்விளையில் இருப்பவர் மூன்று மாதத்தில் என்ன நிரூபிப்பார்? எதிர்ப்பு எழுந்து, வழக்கும் போய், அறிவித்தல் திரும்பப் பெறப்பட்டது. மறுபடி வராது என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே போகிறீர்களோ இல்லையோ, உறுதிப் பத்திரத்தின் நகலை ஊரில் நம்பகமான ஓர் உறவினர் வழியாகக் காணிப் பதிவகத்தில் இப்போதே பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகளின் படிப்பும் ஒரு செலவு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு நடுவில் கூட்டிப் போனால் ஓ.எல்., ஏ.எல். என்னும் இலங்கைப் பொதுத் தேர்வுகளின் பாடத்திட்டத்தில் பொருத்துவது சிரமம். படிப்பு முடிந்த கோடையில் போவது நல்லது. பட்டம் வாங்கியவர்கள் அங்கே அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் வாங்க வேண்டியிருக்கும். மனைவி இந்தியர் என்றால் அவர் அங்கே வெளிநாட்டவர். வதிவிட விசா எடுத்துத்தான் குடித்தனம் நடத்த வேண்டும்.

"சும்மா போய்ப் பாத்துட்டு வாறேன்" என்பது இதில் கிடையாது. வெளியேறும் அனுமதி வாங்கினால் முகாம் பதிவு முடிந்தது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 முதல் விட்டுவிட்டுக் கப்பல் ஓடுகிறது, சென்னையிலிருந்து பலாலிக்கு விமானமும் உண்டு. மறுபடி வரலாம்தான், ஆனால் சுற்றுலா விசாவில் வரும் வெளிநாட்டவராக.

யாருக்கு இது பொருத்தம்: காணி கையில் இருக்கிறது, அங்கே சகோதரர் இருக்கிறார், குடும்பத்தில் எல்லோருக்கும் இலங்கைக் காகிதம் தெளிவு, படிக்கும் பிள்ளை இல்லை அல்லது முடித்துவிட்டது. இந்த நான்கில் குறைந்தது மூன்றேனும் இருக்க வேண்டும்.

4. கடல் வழி

இதை ஒரு வழியாக எண்ணவே கூடாது என்பது என் எண்ணம். ஆனால் ஏஜென்ட்டுகள் பேசுவது கேரளக் கரையை வைத்து என்பதால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. கொல்லத்தில் 2022 செப்டம்பரில் படகுக்காக விடுதியில் காத்திருந்த இலங்கைத் தமிழர்களைப் போலீஸ் பிடித்தது. அது அதிர்ஷ்டம். 2019 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டம் முனம்பத்திலிருந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்களோடு கிளம்பிய படகு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் போன படகு ஒன்று பழுதாகி, அதிலிருந்த 89 பேர் இந்தியப் பெருங்கடலின் டியேகோ கார்சியா தீவில் இறக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் மூன்று வருடம் கூடாரத்தில் கிடந்து, 2024 டிசம்பரில்தான் பிரிட்டனுக்குப் போக முடிந்தது. ஆஸ்திரேலியாவோ 2013-லிருந்து படகில் வரும் எவரையும் குடியமர விடுவதில்லை. நகை போகும், பதிவு போகும், சிலருக்கு உயிரும் போகும்.

ஒரே வீட்டில் ஐந்து பேர்

இதையெல்லாம் ஒரு வீட்டில் பொருத்திப் பார்க்கலாம். கற்பனை வீடுதான்.

பாட்டி, மன்னாரில் பிறந்தவர், 1985-இல் வந்தவர், பழைய இலங்கை அடையாள அட்டை இருக்கிறது. மகன், 1986 நவம்பரில் மண்டபத்தில் பிறந்தவர். மருமகள், தலைமன்னாரில் பிறந்து 1990-இல் கைக்குழந்தையாகப் படகில் வந்தவர். பேரன், 2010-இல் குழித்துறை அரசு மருத்துவமனையில் பிறந்தவன். மருமகளின் அண்ணன், அங்கேயே ஆச்சியோடு வளர்ந்து, 2022 பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடிக்கு வந்து இறங்கியவர்.

மகன் சட்டப்படி பிறப்பால் இந்தியர். அவர் திரும்புவதைப் பற்றிப் பேசவே தேவையில்லை, பிறப்புச் சான்றோடு பாஸ்போர்ட்டுக்குப் போக வேண்டியவர். மறுத்தால் உயர் நீதிமன்றம். பாட்டி இலங்கைக் குடிமகள், எந்த வருடமும் திரும்பலாம். அவருக்கு 2025 விலக்கு ஆணையின் பாதுகாப்பும் உண்டு, அவசரமில்லை. மருமகளுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு, குடியுரிமை வாசல் மட்டும் இப்போதைக்கு மூடியிருக்கிறது. பேரனின் தகப்பன் இந்தியர், தாய் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி. ஆகவே அவன் பிறப்பால் இந்தியன் ஆகவில்லை. அவனை வம்சாவளிப்படி இலங்கையராகப் பதிவதா, "நுழையவில்லை" என்ற வாதத்தோடு இந்தியக் குடியுரிமைக்குப் போராடுவதா என்பதைப் பதினெட்டு வயதாகும் முன் முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக்கூடாது. இந்த வீட்டில் வழக்கறிஞருக்குச் செலவழிக்கப் பணம் ஒருவருக்குத்தான் இருக்கிறது என்றால், நான் பேரனுக்குச் செலவழிக்கச் சொல்வேன். தகப்பனின் பாஸ்போர்ட் கையில் வந்த பிறகு அந்த வழக்கைத் தொடங்கினால் பலம் கூடும்.

மச்சான்தான் மோசமான இடத்தில் நிற்கிறார். 2015 ஜனவரி 9-க்குப் பிறகு வந்தவர் என்பதால் விலக்கு ஆணை அவரைத் தொடாது. மற்ற நால்வருக்கும் பொறுமை உதவும், இவருக்கு உதவாது. அவருடைய காகிதங்களை மற்றவர்களின் மனுவோடு சேர்த்துக் கட்டாமல், தனியாக ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சென்னை அலுவலகத்தில் பேச வேண்டும்.

இந்த ஐந்து பேரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, "எங்கள் குடும்பத்துக்குக் குடியுரிமை வழங்கி உதவுமாறு" என்று ஆட்சியருக்குக் கொடுத்தால் மகனின் உரிமை மச்சானின் சிக்கலுக்குள் புதைந்துபோகும். இப்படி எழுதிய மனுக்கள் எனக்குத் தட்டச்சுக்கு வருகின்றன. பிரித்து எழுதச் சொல்கிறேன். சிலர் கோபப்படுகிறார்கள், "எங்கட வீட்டைப் பிரிக்கிறியா தம்பி" என்று.

காகிதத்தைப் பிரிப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி உண்டு, பெயர். இலங்கைச் சான்றில் தகப்பன் பெயர் முன்னால் முழுதாக நிற்கும்; முகாம் அட்டையில் அது முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும்; பள்ளிச் சான்றில் சிவலிங்கம் என்பது சிவலிங்கன் ஆகியிருக்கும்; ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1 என்று போட்டிருக்கும். பாஸ்போர்ட்டானாலும் தூதரகமானாலும் நீதிமன்றமானாலும் முதலில் தடுக்கி விழுவது இதில்தான். பிறப்புச் சான்றை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள், ஆதாரைக் கடைசியில். மகனுக்கு அந்த 1986-ஆம் ஆண்டுச் சான்று கையில் இல்லையென்றால், பிறப்பு பதிவான ஊரில் மனுப் போட்டுப் பதிவேட்டு நகல் வாங்க வேண்டும். பதிவேட்டில் பெயர் இல்லாமல் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருந்தாலும் பரவாயில்லை, பெயர் சேர்க்கத் தனிப் படிவம் இருக்கிறது. தாய் பெயரும் தேதியும் ஒத்துப்போனால் போதும்.